கதவுக்கு விழுந்த அடி

அவருக்குக் கதவுகளை அடிக்கும் பழக்கம் இருந்தது. கதவுகளை மட்டுமல்ல. மேசை மூலை, ஹீற்றர், சப்பாத்து, சறுக்குமரத்தின் இரும்புக் கைபிடி, ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் முகத்தில் அறைந்த காற்று. எங்கள் பிள்ளைகளை எது நோகப்பண்ணியதோ அதற்கு அவரிடம் அடி நிச்சயம்.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த தொடர்மாடியில், ஒன்பதாம் தளத்தில், எங்களுக்கு எதிர்க்கதவு அவர்களுடையது. தங்கச்சியோடும் தங்கச்சியின் கணவரோடும் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மட்டக்களப்புப் பக்கம். கலியாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளைகள் அன்ரி என்றார்கள், நானும் அன்ரி என்றேன். பிறகு ஒருநாள் ஒரு கடிதத்தில் அவருடைய முழுப்பெயரையும் பார்த்தேன். அதை இங்கே எழுதமாட்டேன். அந்தக் கடிதத்தில் அது இருந்ததே போதும்.

முதல்முதல் அவரைக் கண்டது எலிவேற்றர் வாசலில். நாங்கள் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மகனுக்கு அப்போது நான்கு வயது, மகள் என் இடுப்பில். எலிவேற்றர் கதவு மூடி வரும்போது மகன் ஓடிப்போய் உள்ளே நுழையப் பார்த்தான். கதவு அவன் தோளில் தட்டிவிட்டுத் திரும்பத் திறந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்பதாம் தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். உன்னை ஆர் ஓடச் சொன்னது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். குப்பைப் பையோடு வந்துகொண்டிருந்த அவர் பையை நிலத்தில் வைத்துவிட்டு நேரே எலிவேற்றரிடம் போனார். கதவில் படார் படார் என்று இரண்டு அடி.

"எங்கட புள்ளையிலயா முட்டினாய்? இனி முட்டுவியா? கேக்கிறன், முட்டுவியா?"

கதவு தன்பாட்டில் மூடிக்கொண்டது.

"பாத்தியா மனே, வெக்கப்பட்டுப் போறார்" என்றார் அவர். மகன் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து அவன் அவருடைய ஆள்.

இது அவர் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம்மில் அநேகருக்குச் சின்ன வயதில் யாரோ ஒருவர் நிலத்துக்கு அடித்துக் காட்டியிருப்பார்கள். ஆனால் மற்றவர்கள் ஒப்புக்கு அடிப்பார்கள். இவர் அடித்தால் அது அடிதான். உள்ளங்கை சிவந்துபோகும். ஏன் இப்படி நோக நோக அடிக்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா தொட்டா புள்ளைக்குத் தெரியும்" என்பார்.

அடித்ததோடும் விடமாட்டார். அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது. அதை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு, "மறுகா ஒருக்காத் தடவி விடு மனே. அடி வாங்கினதுக்கும் நோகுந்தானே" என்பார். பிள்ளை போய் மேசை மூலையைத் தடவிவிட வேண்டும். கதவைத் தடவிவிட வேண்டும். என் மகன் வெகுகாலத்துக்கு எலிவேற்றரில் ஏறும்போதெல்லாம் அதன் கதவைத் தடவிக்கொண்டுதான் ஏறினான். கூட வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

இந்த 'மறுகா' எனக்குச் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்போம். மகன் அவரிடம் பிடித்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் மறுகா சாப்பிடுறன், மறுகா வாறன் என்று சொல்லத் தொடங்கினான். பிறகு எண்டு சொல்லு என்று நான் திருத்தினேன். அவர் இல்லாத நேரம் திருத்தியிருக்கலாம். அவருக்கு முன்னால் நின்றே திருத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "பிறகு, பிறகு" என்று தானும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வசனத்திலேயே மறுகா வந்துவிட்டது.

நான் சொல்லவந்த அந்தப் பனிக்காலம் நவம்பரிலேயே தொடங்கி, ஏப்ரல் பிறந்தும் போகாமல் நின்றது. மகனுக்கு ஐந்து, மகளுக்கு இரண்டு. கணவர் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுகிறவர், பத்து நாளுக்கு ஒருமுறை வீட்டில் முகம் காட்டுவார். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தேன். காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டும். ஆறேகால் பஸ்ஸை விட்டால் அந்த நாள் போச்சு. பிள்ளைகளை அவரிடம் விடுவது எப்படித் தொடங்கியது என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. ஒரு பனிநாளில் இரண்டு பேரையும் நான் இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கைகளை என்னிடமிருந்து தன் கைகளில் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு எதிர்க்கதவைத் தட்டினால் போதும். மகனை அவர் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார், மகளைத் தன்னோடு வைத்திருப்பார், நான் வந்து எடுப்பேன்.

பனிக்காலத்தில் பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். உள்ளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, ஸ்னோ பான்ற்ஸ், ஜக்கெற், கழுத்துக்கு ஒன்று, தொப்பி, கையுறை, பூட்ஸ். எல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் மூத்திரம் வரும். பெரியவனுக்குக் கழற்றும்போது சின்னவள் கையுறையைக் கழற்றி எறிந்திருப்பாள். அவர் இதையெல்லாம் ஒரு விளையாட்டாகச் செய்வார். ஒவ்வொரு சாமானிடமும் சத்தியம் வாங்குவார். ஜக்கெற்றை இழுத்துப் பூட்டுகிற பல்லுச் சிப்பை மகனின் முகத்துக்கு நேரே பிடித்து, கடிக்கமாட்டன் என்று சொல்லு என்பார். பிறகு சிப்பின் குரலில் தானே, கடிக்கமாட்டன் என்பார். இடது பூட்ஸும் வலது பூட்ஸும் சண்டை பிடிக்கக்கூடாது என்று இரண்டையும் ஒன்றோடொன்று முட்டிச் சமாதானம் பண்ணுவார். அரை மணித்தியாலம் போய்விடும். எனக்கு அரை மணித்தியாலம் எங்கே? நான் பிள்ளைகளை மூட்டை கட்டுவதுபோலக் கட்டுவேன்.

ஒருநாள் தங்கச்சியின் கணவர் போனில் அன்றைய குளிரைக் காட்டியிருக்கிறார். மைனஸ் முப்பத்தொன்று. புள்ளையள் எப்படிப் பள்ளிக்குப் போறது என்று கேட்டு அந்தப் போனுக்கே ஒன்று வைத்தாராம். அந்த மனிதர் அதற்குப் பிறகு தன் போனை அவருக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை. இதை எனக்குச் சொல்லிச் சிரித்தவர் அன்ரியேதான்.

நான் ஒருமுறை கேட்டேன், இப்படிச் சுவருக்கும் கதவுக்கும் அடித்துப் பழக்கினால் பிள்ளைகள் தங்கள் பிழையை ஒப்புக்கொள்ளப் பழகுவார்களா என்று. அந்த நாட்களில் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் போனில் வருகிற வீடியோக்களை வேலைக்குப் போகும் பஸ்ஸில் பார்த்துவைத்திருந்தேன். அந்த மிதப்பில் கேட்டது. அவர் மகளின் காலுறையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"புள்ளை விழுந்தா ஆரிலயாவது பிழை இரிக்கணும். அது புள்ளையில இரிக்கப்படாது. அதுக்குத்தான் கதவு இரிக்கே."

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. முந்தின கிழமை வேலைக்குப் பிந்திப் போனதற்கு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு இதுதான் கடைசித் தரம் என்று சொல்லியிருந்தார். காலையில் மகன் எழும்பவே மாட்டேன் என்றான். எழுப்பி, உடுப்புப் போட்டு, எல்லாம் பூட்டிய பிறகு வழக்கம்போல மூத்திரம். திரும்பக் கழற்றி, திரும்பப் பூட்டி, சிப்பை மேலே இழுத்தபோது அது நடுவில் இறுகிக்கொண்டது. அவன் காலை உதைத்தான். பூட்ஸ் என் முழங்காலில் பட்டது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு ஐந்து. நான் அவனுடைய கன்னத்தில் அறைந்தேன்.

கை தவறிப் பட்டது என்று எழுதலாம். தவறிப் படவில்லை. நான் கையை ஓங்கியதும், எங்கே அறையப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததும், இப்போதும் நினைவில் இருக்கிறது. அவன் அழவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிப் அதன் பிறகு இலகுவாக ஏறியது.

எதிர்க்கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார்.

"சிப் பட்டிட்டுது அன்ரி" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கன்னத்தில் நான்கு விரல்கள் இருந்தன. எந்தச் சிப்புக்கும் நான்கு விரல் இல்லை. அவர் என்னுடைய வலது கையை ஒருதரம் பார்த்தார். பிறகு முழங்காலில் நின்று, மகனின் ஜக்கெற்றின் சிப்பைப் பிடித்து, எங்கட புள்ளையையா கடிச்சாய் என்று அதற்கு இரண்டு தட்டுத் தட்டினார். அன்றைக்கு மட்டும் மெதுவாகத்தான் தட்டினார். தடவி விடு என்று சொல்லவும் மறந்துவிட்டார், அல்லது சொல்லவில்லை. நீ போ புள்ள, பஸ் போயிரும் என்று என்னை அனுப்பினார். நான் போனேன். பஸ்ஸும் கிடைத்தது.

பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வேலையை விட்டு ஓடினேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில் என்னை ஒரு குட்டிக் கதிரையில் இருத்தினார்கள். எதிரே மகனின் ரீச்சர். அவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண், மடியில் நீலக் கோப்பு. இரண்டு பேருமே என்னோடு மிக அன்பாகத்தான் பேசினார்கள். பிள்ளையின் கன்னத்தில் அடையாளம் இருந்ததாம். எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவன் பேசவில்லையாம். வீட்டில் யாராவது அடிப்பார்களா என்று கேட்டார்களாம். உடனே முகம் மலர்ந்து சொன்னானாம்.

"அன்ரி ஹிட்ஸ். எவ்ரி டே. வெரி ஹார்ட்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னதுதான் தனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது என்றார் ரீச்சர்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நாங்கள் சொல்வது அப்படித்தான். மகள் எங்காவது முட்டிக்கொண்டால், பொறு, அன்ரி வந்து அடிப்பா என்போம். எதை என்று சொல்வதில்லை. எதை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தமிழை என் மகன் அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். ஒரே ஒரு சொல் விடுபட்டுப்போயிற்று. கதவை. அந்த அறையில் அந்தச் சொல்லைத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

நான் அதைச் சொல்லவில்லை. கதவை என்று சொன்னால், அப்படியென்றால் கன்னத்தில் அடித்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் பயந்து பயந்து சொல்கிற கதைகள் எல்லாம் ஒரேயடியாக என் தலைக்குள் வந்தன. கணவர் எங்கோ நெடுஞ்சாலையில். நீலக் கோப்புப் பெண் கேட்டார், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தானே? ஓம் என்றேன். அவர் அடிப்பதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, அவர் ஊரிலிருந்து வந்து அவ்வளவு காலம் ஆகவில்லை, அங்கத்தைய பழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளையே வளர்த்திராத மனுசிக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ் அது. வீட்டில் வேறு யாராவது அடிப்பதுண்டா என்று கடைசியாகக் கேட்டார். இல்லை என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் கணவர் போன் எடுத்தபோது, அவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. அவவிலை எனக்கு முதலே ஒரு மாதிரித்தான் இருந்தது, எங்கட பக்கத்து ஆக்களும் இல்லைத்தானே என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கூசியது. ஆனாலும் சொன்னேன். இந்த நினைவுகளில் எதை மறந்தாலும் அந்த வசனத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

புதன்கிழமை அந்த நீலக் கோப்புப் பெண் எதிர்க்கதவுக்கு வந்தார். நான் கதவிலுள்ள கண்ணாடித் துளையால் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்து அவருடைய தங்கச்சிதான் சொன்னார். தங்கச்சிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து கிடைத்தது. அப்படியொரு பிள்ளை கிடைத்தால் பார்க்கவென்றுதான் தமக்கையை முன்கூட்டியே கூப்பிட்டு வைத்திருந்தார்கள். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, நீங்கள் அடிப்பீர்களா என்று கேட்டார்களாம். அவர் சிரித்துக்கொண்டு, ஓம், ஒவ்வொருநாளும் அடிக்கிறனான் என்றாராம். அவரும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். வந்த பெண்ணுக்கு முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் கதவை, சுவரை என்று சொல்லத் தொடங்கினாராம். அது போனுக்குள்ளால் போய் ஆங்கிலமாக வந்தபோது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லையாம்.

தங்கச்சி உடுப்பை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காலையில புள்ள வரக்குள்ளயே கன்னத்தில அடையாளம் இருந்ததா எண்டும் கேட்டாங்க. அக்கா, நான் கவனிக்கல்ல எண்டிற்றா. அக்கா கவனிக்காத ஆளா?"

நான் மெசினுக்குள் தலையை விட்டு ஒரு காலுறையைத் தேடினேன். அவர் தொடர்ந்து சொன்னார். தன் கணவர் பயந்துபோய்விட்டாராம். தங்களுடைய பிள்ளை பிறந்தாலும் அக்காவோடு தனியே விட ஏலாது என்று நிற்கிறாராம். தன் அம்மாவை மொன்றியலில் இருந்து கூப்பிடப்போகிறாராம். நீங்கள் ஒருக்கா இவரோடு கதைத்தால் நல்லம் என்று கடைசியில் கேட்டார். கதைக்கிறன் என்றேன். எங்கள் கதவுக்கும் அவர்களுடைய கதவுக்கும் இடையில் ஆறடிகூட இல்லை. நான் கதைக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு, என் கணவர் வந்த பிறகு என்று தள்ளிக்கொண்டு போனேன்.

அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் இன்னாரிடம் பிள்ளைகளை விடுவதில்லை என்று தாய் உடன்பட்டிருப்பதால் கோப்பு மூடப்படுகிறது என்று அதில் இருந்தது. அந்த இன்னாருக்குப் பதிலாகத்தான் அவருடைய முழுப்பெயர். கீழே நான் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினேன். பிள்ளைகளைக் காசு கொடுத்து வேறொரு வீட்டில் விடத் தொடங்கினேன். எங்கோ ஓர் அலுமாரியில் இன்றைக்கும் அவர் அடிக்கிறார் என்று எழுதியபடி இருக்கும்.

அதன்பின் அவர் கைகளை வெளியில் எடுப்பதில்லை. தங்கச்சி கணவரின் பழைய கறுப்பு ஜக்கெற் ஒன்றைத்தான் பனிக்காலம் முழுக்கப் போடுவார். முழங்காலுக்குக் கீழே வரும். அதன் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு எலிவேற்றரில் ஒரு மூலையில் நிற்பார். என் பிள்ளைகள் மட்டுமல்ல, எந்தப் பிள்ளை ஏறினாலும் அப்படித்தான். யாருடைய பிள்ளையோ ஒருநாள் கையுறையை நழுவவிட்டது. அவர் குனியப்போய், பாதியில் நிமிர்ந்து, புள்ள, கையுறை விழுந்திற்று என்று தாய்க்குச் சொன்னார். என் மகன் அன்ரி என்று போய் அந்த ஜக்கெற்றில் தொங்கினால் சிரிப்பார். எப்படி மனே என்பார். கை வராது. என்னோடு கோபமாக இருந்தார் என்று சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கோபமே இல்லை. சாப்பிட்டியா புள்ள, இண்டைக்கும் வேலையா என்று எப்போதும்போலக் கேட்பார். நான் எலிவேற்றரின் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

மே மாதம் அவர்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மொன்றியலிலிருந்து மாமியார் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நடைபாதையில் கண்டேன். மாமியாரின் கையில் பிள்ளை. அன்ரி பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு வந்தார். கோடையிலேயே வீடு வாங்கிக்கொண்டு மோர்னிங்சைட் பக்கம் போய்விட்டார்கள். இங்கேயிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஐந்து பனிக்காலம் போய்விட்டது, நான் போகவில்லை.

இதை இப்போது எழுத வைத்தவன் என் மகன். போன கிழமை மகள் மேசைக் காலில் விரலை அடித்துக்கொண்டு அழுதாள். பத்து வயதுப் பெரிய மனிதன், போய் மேசைக்கு ஓங்கி ஓர் அடி போட்டுவிட்டு, மறுகா தடவி விடு என்றான். நான் திருத்தவில்லை. உனக்கு அந்த அன்ரியை நினைவிருக்கோ என்று கேட்டேன். ஓம், அவ ஏன் எங்களைப் பாக்கிறதை விட்டவ என்று கேட்டான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவனுக்கு ஒரு நாள் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. அவர்கள் வீடு மாறுவதற்கு முன், ஏப்ரல் தொடக்கத்தில். இரண்டு நாள் வெயிலில் உருகிய பனி அன்று காலை திரும்ப இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கட்டட வாசலுக்குப் பத்தடி முன்னால் வழுக்கி விழுந்தேன். முழங்காலும் வலது உள்ளங்கையும் நிலத்தில் அடிபட்டன. மகள் வீரிட்டுக் கத்தினாள். நான் எழும்ப முடியாமல் கிடந்தேன்.

அவர் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நான்கு எட்டு வைத்தவர், பிள்ளைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கைகள் இரண்டும் பைக்குள். அப்போதுதான் மகன் கத்தினான்.

"அன்ரி, அடியுங்கோ! அம்மாவை விழுத்திப்போட்டுது, அடியுங்கோ!"

அவர் அவனைப் பார்க்கவில்லை. ஐஸையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அடிக்கட்டா புள்ள?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அனுமதி கேட்டார். கண்ணில் ஒரு பயம் இருந்தது. பிள்ளைகளின் தாய் என்ற முறையில் நான் ஓம் என்றால்தான் அடிப்பார். நான் தலையை ஆட்டினேன்.

கைகளை வெளியே எடுத்தார். குந்தியிருந்து, கையுறை இல்லாத கையால் அந்த ஐஸுக்கு ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. "எங்கட புள்ளையையா விழுத்தினாய்?" மூன்றாவது அடிக்கு மகள் சிரித்துவிட்டாள். எங்கட புள்ளை என்று அவர் சொன்னது என்னை. மகன் வழக்கப்படி ஐஸைத் தடவிவிடக் குனிந்தான். அவர் தடவியது ஐஸை அல்ல. என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த, பனி உருகப் போட்ட உப்புக்கல்லையும் மண்ணையும் துடைத்தார். அவருடைய உள்ளங்கை செக்கச் சிவந்து, குளிரில் விறைத்துக் கிடந்தது. அந்தக் கையால் என் கையை மெல்லத் தடவிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அடிச்ச கைக்கும் நோகுந்தானே."

அவர் எந்தக் கையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலையில் கதவடியில் ஒருதரம் பார்த்தாரே, அந்தக் கை. நான் சொல்லவேண்டியதெல்லாம் அப்போது வாய் வரைக்கும் வந்தது. தங்கச்சிக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. எலிவேற்றரில் ஒன்பது மாடி ஏறினால் தங்கச்சியின் கணவர் வீட்டில் இருந்தார். அன்றைக்குச் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் நடைபாதையில் அந்தப் பிள்ளை அவருடைய கையில் வந்திருக்கும்.

நான் எழும்பி, கையை இழுத்துக்கொண்டு, "தாங்க்ஸ் அன்ரி" என்றேன்.

அவர் தன் கைகளைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.